பாக்டீரியாவுக்குத் தன் நடு எங்கே என்று எப்படித் தெரிகிறது?

ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஐந்நூறு பாக்டீரியாக்கள் வரிசையாக நின்றால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும். நல்ல சத்துள்ள கரைசலில், நம் உடல் சூட்டில் வைத்தால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில் ஆச்சரியமான துல்லியம் இருக்கிறது. செல் ஒடுங்கி வெட்டுப்படும் இடம் கிட்டத்தட்ட சரி நடு. தவறினாலும் நீளத்தில் சில சதவீதத்துக்கு மேல் தவறுவதில்லை. பிறக்கும் இரண்டு செல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன.

அந்த நடுவை அளந்து சொல்வது எது? நம் செல்களில் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு, சரக்கைச் சுமந்துகொண்டு இழைகளின் மேல் நடந்துபோகும் மோட்டார் புரதங்கள் உண்டு. பாக்டீரியாவைப் பாடப்புத்தகங்கள் அறிமுகப்படுத்துவதே இல்லாதவற்றைச் சொல்லித்தான்: உட்கரு இல்லை, சவ்வு சூழ்ந்த உள்ளுறுப்புகள் இல்லை. அதனால் வெகுகாலம் அதை நொதிகள் நிரம்பிய ஒரு பையாகவே பலரும் நினைத்திருந்தார்கள். உள்ளே எல்லாம் கலந்து கிடக்கும், எது எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கே ஒன்றுமில்லை என்ற எண்ணம்.

1990-களின் தொடக்கத்தில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. 1991-இல் எர்ஃபெய் பியும் ஜோ லட்கன்ஹவுஸும், செல் பிரியப்போகும் இடத்தில் எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதம் வளையமாகக் கூடி நிற்பதைக் காட்டினார்கள். 1993-இல் ஜேனைன் மேடக்கும் லூசி ஷபிரோவும், உணவின் திசையை முகர்ந்தறியும் ஏற்பிப் புரதங்கள் செல்லின் முனைகளில் திரண்டிருப்பதைக் கண்டார்கள். அதன்பிறகு நூற்றுக்கணக்கான புரதங்களுக்கு முகவரி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. முகவரி இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. மூலக்கூறுகள் திக்குத் திசையில்லாமல் அலைகின்றன. அந்த அலைச்சலையே மூலப்பொருளாக வைத்துத்தான் பாக்டீரியா தன் ஒழுங்கைக் கட்டுகிறது. செல் உயிரியலில் இதைவிட அழகான விஷயம் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

அலைச்சலின் கணக்கு

1827-இல் ராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் ஒரு காட்சியைக் கண்டார். மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிர் இருப்பதால் துடிக்கின்றனவோ என்று உயிரற்ற பொருள்களின் துகள்களையும் போட்டுப் பார்த்தார், அவையும் துடித்தன. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதுவதால் வரும் துடிப்பு அது என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்காக எழுதினார். பாக்டீரியாவின் உள்ளே நடக்கும் போக்குவரத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் அடங்கும்.

ஒரு நடுத்தரப் புரதத்தை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் அதன் கணநேர வேகம் நொடிக்குப் பதினாறு மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம். ஆனால் ஓர் அணுவின் அகலத்தைக்கூடக் கடப்பதற்குள் நீர் மூலக்கூறுகள் மோதி அதன் திசையை மாற்றிவிடும். இப்படி ஒரு நொடிக்குள் கோடானுகோடி முறை திசை மாறும். ஆகவே தொலைவு இருமடங்கானால் ஆகும் நேரம் நான்கு மடங்கு. தொலைவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. விரவல் எனப்படும் இந்தப் பரவலின் அடிப்படை விதி இதுதான்.

சின்னத் தொலைவுக்கு இது அருமையான வாகனம். ஈ.கோலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு புரதம் அலைந்தே போய்ச் சேர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி போதும். முனையில் இருக்கும் ஏற்பி உணவை உணர்ந்ததும், அந்தச் செய்தியைச் செல்லின் பக்கவாட்டில் சுழன்று அதை நீந்தவைக்கும் கசையிழை மோட்டார்களுக்குக் கொண்டுபோவது சே-ஒய் என்ற சிறு புரதம். அதற்கு வழியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. அலைந்துதான் போகிறது, அதற்குள் நீந்தும் பாக்டீரியா திசையை மாற்றிக்கொண்டும் விடுகிறது.

தொலைவு கூடினால் கதை தலைகீழ். நம் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை நீளும் நரம்பிழையின் நீளம் ஒரு மீட்டர் அளவு. அந்த மீட்டரை ஒரு புரதம் அலைந்தே கடப்பதென்றால் பல நூறு ஆண்டுகள் ஆகும். நம் நரம்பு செல்களில் மோட்டார் புரதங்கள் சரக்கு சுமப்பது இதனால்தான். பாக்டீரியாவில் அப்படிப்பட்ட சுமைதூக்கிகள் இல்லாததைப் பலரும் அதன் குறையாகச் சொல்வார்கள். பத்தில் ஒரு நொடியில் தானாகப் போய்ச் சேரும் இடத்துக்கு எதற்குச் சுமைதூக்கி?

நெரிசலும் ஒரு சல்லடை

மேலே சொன்ன பத்தில் ஒரு நொடி, செல்லுக்குள் இருக்கும் நெரிசலையும் சேர்த்த கணக்கு. பாக்டீரியாவின் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசத்தை ஒரு லிட்டர் எடுக்க முடிந்தால் அதில் புரதமும் ஆர்என்ஏயும் மட்டும் 300 முதல் 400 கிராம் வரை இருக்கும். ஒரு கன மைக்ரோமீட்டருக்குள் முப்பது லட்சம் புரதங்கள் அடைபட்டிருக்கின்றன. அதோடு டிஎன்ஏ வேறு. ஈ.கோலையின் டிஎன்ஏவில் 46 லட்சம் எழுத்து இணைகள். நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது அதைச் சுமக்கும் செல்லைப்போல எழுநூறு எண்ணூறு மடங்கு நீளம்.

இந்த நெரிசலில் எவ்வளவு வேகமாக நகர முடியும் என்பதை 1999-இல் மைக்கேல் எலோவிட்ஸும் உடனிருந்தவர்களும் ஈ.கோலைக்குள்ளேயே அளந்தார்கள். பச்சையாக ஒளிரும் புரதம் தண்ணீரில் பரவும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வேகத்தில்தான் செல்லுக்குள் பரவியது. மெதுவாகிறது, ஆனால் நின்றுபோவதில்லை. பெரிய பொருள்களின் நிலை வேறு. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிறுவன் ஒருவன் இடுக்குகளில் நுழைந்து முன்னே போய்விடுவான். தலையில் பெட்டியோடு வருபவர் கூட்டம் அசைந்தால்தான் அசைய முடியும். செல்லுக்குள் ஆர்என்ஏ இழைகளை இடோ கோல்டிங்கும் எட்வர்ட் காக்ஸும் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட அளவீடு இதைத்தான் காட்டியது. நேரம் கூடக்கூட அவை விரிந்து செல்லும் பரப்பு சாதாரண விரவலில் கூடுவதுபோலக் கூடவில்லை. சுற்றியுள்ள நெரிசல் அவற்றைப் பிடித்துவைத்திருந்தது.

2014-இல் கிறிஸ்டின் ஜேக்கப்ஸ்-வாக்னரின் ஆய்வுக்குழு இதற்கு ஒரு திருப்பம் கொடுத்தது. பாக்டீரியாவின் உணவாற்றலை நிறுத்தும் வேதிப்பொருளைக் கொடுத்தபோது, சில பத்து நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் இருந்த இடத்திலேயே உறைந்து நின்றன. சிறு புரதங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உயிர்ச்செயல் நடக்கும்வரை நொதிகளும், புரதம் கட்டும் ரைபோசோம்களும் இயங்கி அந்த இயக்கத்தால் சைட்டோபிளாசத்தைக் கலக்கி இளக வைக்கின்றன. இயக்கம் நின்றால் பெரிய பொருள்களைப் பொறுத்தவரை அது கண்ணாடிபோல இறுகிவிடுகிறது. உணவில்லாமல் முடங்கிக் கிடந்து, பல நாள் கழித்து மீண்டும் எழும் பாக்டீரியாவைப் புரிந்துகொள்ள இது முக்கியம். ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குத் தப்பிப் பிழைப்பவையும் பெரும்பாலும் இப்படி முடங்கிக் கிடப்பவைதான். மருந்து குறிவைக்கும் வேலையே அப்போது அங்கே நடப்பதில்லை.

நெரிசலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது பொருள்களைத் தரம்பிரிக்கும். ஈ.கோலையின் டிஎன்ஏ நடுவில் ஒரு சுருளாகக் கிடக்கிறது. புரதம் கட்டும் ரைபோசோம்கள் ஒவ்வொன்றும் 20 நானோமீட்டர் அளவு. வேகமாக வளரும் செல்லில் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். (சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது ரைபோசோம் ஆய்வுக்காக. அவர் வடிவம் கண்டதும் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான்.) ஒரே ஆர்என்ஏ இழையில் பல ரைபோசோம்கள் கோத்து நின்று வேலை செய்யும்போது அந்தக் கோவை பெரிதாகிவிடுகிறது. டிஎன்ஏ சுருளின் இண்டு இடுக்குகளில் அதனால் நுழைய முடிவதில்லை, முனைகளுக்குத் தள்ளப்படுகிறது. வேலையில்லாமல் தனித்தனித் துண்டாகத் திரியும் ரைபோசோம் பாகங்களோ டிஎன்ஏவுக்குள் தாராளமாகப் போய்வருகின்றன. சவ்வு இல்லை, கதவு இல்லை. ஆனாலும் நடுவில் டிஎன்ஏ, ஓரங்களில் புரதத் தொழிற்சாலை என்று செல் தானாகவே பகுதி பிரிந்துகொள்கிறது.

46 லட்சத்தில் ஓரிடம்

அலைந்து தேடுவதன் நுட்பம் தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு புரதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை கிடைக்காதபோது, அதைச் செரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை ஈ.கோலை மூடிவைக்கிறது. இந்த ஏற்பாட்டை 1961-இல் பிரான்சுவா ஜாகோபும் ஜாக் மோனோவும் விளக்கினார்கள். மூடியாக வேலை செய்யும் லாக் அடக்கிப் புரதத்தை 1966-இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் பிரித்தெடுத்தார்கள். ஒரு செல்லில் இந்தப் புரதம் பத்துப் பிரதி அளவுதான் இருக்கும். அது போய் அமர வேண்டிய இடமோ 46 லட்சம் எழுத்துகளுக்கு நடுவே இருபது சொச்சம் எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு.

1970-இல் ஆர்தர் ரிக்ஸும் குழுவினரும் சோதனைக் குழாயில் அளந்தபோது ஒரு புதிர் எழுந்தது. உப்பு குறைந்த கரைசலில் இந்தப் புரதம் தன் இடத்தைக் கண்டுபிடித்த வேகம், வெறும் மோதலால் எட்டக்கூடிய உச்ச வேகத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. இயற்பியல் விதியை மீறுவதுபோலத் தோன்றிய அந்த அளவீட்டுக்கு 1981-இல் ஓட்டோ பெர்க், ராபர்ட் வின்டர், பீட்டர் வான் ஹிப்பல் மூவரும் முழுமையான விடை எழுதினார்கள். புரதம் நேரடியாகத் தன் இலக்கில் போய் மோத வேண்டியதில்லை. டிஎன்ஏவின் எந்த இடத்தில் மோதினாலும் லேசாக ஒட்டிக்கொண்டு, இழையின் மேலேயே முன்னும் பின்னும் சறுக்கும். கொஞ்ச தூரம் தேடிவிட்டு விடுபட்டு, வேறொரு இடத்தில் போய் ஒட்டும். சறுக்கிக்கொண்டே போனால் தேடிய இடத்தையே திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கும். தாவிக்கொண்டே இருந்தால் இலக்கைத் தவறவிடும். இரண்டையும் கலந்தால் வேகம் கூடுகிறது.

உயிருள்ள செல்லில் இது நடக்கிறதா என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஒற்றை மூலக்கூறின் ஒளியைப் பிடிக்கும் நுண்ணோக்கிகள் வந்தபின், 2007-இல் யோஹான் எல்ஃப், ஜீன்-வெய் லீ, சன்னி ஷியே மூவரும் ஹார்வர்டில் இந்தப் புரதத்தைச் செல்லுக்குள்ளேயே பார்த்தார்கள். தேடும் நேரத்தில் சுமார் 90 சதவீதத்தை அது ஏதோவொரு டிஎன்ஏ பகுதியில் ஒட்டிக்கொண்டுதான் கழிக்கிறது. ஒவ்வொரு ஒட்டலும் ஐந்து மில்லி நொடிக்கும் குறைவு. ஒற்றைப் புரதம் தனியாகத் தேடினால்கூட அதிகபட்சம் ஆறு நிமிடத்தில் இலக்கை அடைந்துவிடும். பத்துப் புரதங்கள் சேர்ந்து தேடினால் அரை நிமிடம் சொச்சம்.

2012-இல் எல்ஃபின் உப்சாலா குழு இன்னும் உள்ளே போனது. ஒருமுறை ஒட்டினால் சறுக்கும் தூரம் சுமார் 45 எழுத்து இணைகள் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்த முடிவு வேறொன்று. தன் சொந்த இலக்கின் மேலேயே சறுக்கிப் போகும்போது இந்தப் புரதம் பெரும்பாலும் முதல் தடவையில் அதை அடையாளம் காண்பதில்லை. பலமுறை அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தபின்புதான் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வோர் எழுத்திலும் நின்று நிதானமாகச் சரிபார்த்தால் தேடலே நகராது. வேகமாகச் சறுக்கினால் இலக்கு கைநழுவும். நழுவினால் நழுவட்டும், எப்படியும் இதே வழியாகத் திரும்பி வரப்போகிறது என்ற நிலையில் இருப்பது திசையில்லாமல் அலையும் ஒன்றுக்கு மட்டுமே சாத்தியம்.

முனைக்கு முனை ஊசலாட்டம்

நடு எங்கே என்ற கேள்விக்கு வருவோம். 1967-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஹோவர்ட் ஆட்லரும் உடனிருந்தவர்களும் விசித்திரமான ஒரு ஈ.கோலை வகையைப் பற்றி எழுதினார்கள். அது நடுவில் பிரிவதற்குப் பதிலாகச் சில சமயம் முனையோரத்தில் பிரிந்து, டிஎன்ஏவே இல்லாத குட்டிக் குட்டி உருண்டைகளை உதிர்த்தது. அப்படியானால் முனையிலும் பிரியும் திறமை செல்லுக்கு உண்டு. வழக்கமாக அதை ஏதோ ஒன்று தடுத்துவைத்திருக்கிறது. தடுப்பது மூன்று புரதங்கள் என்று 1989-இல் பீட் டி போயர், ராபின் கிராஸ்லி, லாரன்ஸ் ராத்ஃபீல்ட் காட்டினார்கள். மின்-சி, மின்-டி, மின்-ஈ என்று அவற்றுக்குப் பெயர். மூன்றையும் சேர்த்து மின் அமைப்பு என்பார்கள்; மின்சாரத்தோடு இந்தப் பெயருக்குத் தொடர்பு இல்லை. எஃப்.டி.எஸ்.இசட் வளையம் உருவாகாமல் கலைப்பது மின்-சியின் வேலை. அது தானாக எங்கும் போகாது, மின்-டி இருக்கும் இடத்தில் தொற்றிக்கொள்ளும். ஆக, மின்-டி எங்கே இருக்கிறதோ அங்கே பிரிவு நடக்காது.

முனைகளைக் காக்கும் மின்-டி இரண்டு முனைகளிலும் நிலையாக அமர்ந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1999-இல் டேவிட் ராஸ்கினும் டி போயரும் அதற்கு ஒளிரும் புரதத்தை ஒட்டிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மின்-டி முழுவதும் ஒரு முனையில் குவிந்து ஒளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே மங்கி மறுமுனையில் ஒளிர்ந்தது. பிறகு மீண்டும் பழைய முனைக்கு. ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. செல் வளர்ந்து பிரியும்வரை இது ஓயாமல் நடக்கிறது.

இதன் உள்விவரம் எளிமையானது. மின்-டி ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பிடித்திருக்கும்போது இரண்டிரண்டாகச் சேர்ந்து, தன் வால்பகுதியைச் செல் சவ்வில் செருகி ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே மின்-டி ஒட்டியிருக்கும் இடத்தில் மேலும் மின்-டி எளிதாக ஒட்டும், அதனால் ஒரு முனையில் அது மளமளவென்று குவிகிறது. குவிந்த மின்-டியின் மேல் மின்-ஈ வந்து ஒட்டுகிறது. அது தொட்டதும் ஏடிபி உடைகிறது, மின்-டியின் பிடி விட்டுப்போய் அது சைட்டோபிளாசத்தில் விழுகிறது. விழுந்த மின்-டி உடனே மறுபடி ஒட்ட முடியாது. உடைந்த ஏடிபியை உதறிவிட்டுப் புதிய ஏடிபியைப் பிடிக்க வேண்டும். இந்த ஊசலாட்டத்தை நன்றாக விளக்கிய கணினி மாதிரிகளில் அந்தத் தாமதம் ஒரு நொடி அளவு.

எல்லாம் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. ஒரு நொடி என்பது விரவலுக்கு நீண்ட நேரம். அதற்குள் மின்-டி செல் முழுவதும் அலைந்துவிடும். மறுபடி ஒட்டத் தயாராகும்போது பழைய முனையில் மின்-ஈ காத்திருக்கிறது, ஒட்டினால் உடனே உதிர்த்துவிடும். மின்-ஈ இல்லாத எதிர்முனையில் ஒட்டினால் நிலைக்கிறது. அங்கே குவியல் வளர்கிறது. பழைய முனையில் மின்-டி தீர்ந்ததும் மின்-ஈக்கு ஒட்ட ஏதுமில்லை. அதுவும் விடுபட்டு அலைந்து, எதிர்முனைக் குவியலின் ஓரத்தில் போய்ச் சேர்ந்து அதை அரிக்கத் தொடங்குகிறது. இப்படி மாறி மாறி நடக்கும்போது, நேரத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் மின்-டி அதிகமாக இருந்தது இரு முனைகளில், குறைவாக இருந்தது நடுவில். எஃப்.டி.எஸ்.இசட் வளையத்துக்கு நிம்மதியாகக் கூட ஒரே ஒரு இடம்தான் மிஞ்சுகிறது.

செல்லில் சில ஆயிரம் மின் புரதங்கள். எந்த ஒன்றுக்கும் நடு எங்கே என்று தெரியாது. செல்லின் நீளமும் தெரியாது. ஒட்டு, உதிர், கொஞ்சம் பொறு, மறுபடி ஒட்டு என்பது மட்டுமே ஒவ்வொன்றின் வேலை. செல் நீண்டால் அந்த அலையும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பிரிய முடியாமல் இழையாக நீண்டுவிட்ட செல்களில் முனைக்கு முனை ஊசலாட்டம் மறைந்து, வரிவரியாகப் பல இடங்களில் மின்-டி தோன்றி மறைகிறது. 2015-இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் சேஸ் டெக்கரின் குழு ஈ.கோலைகளைச் சதுரமும் செவ்வகமுமான நுண்ணறைகளில் வளர்த்துப் பார்த்தபோது, ஊசலாட்டம் அந்தந்த வடிவத்துக்கு ஏற்ப அச்சை மாற்றிக்கொண்டது.

இதற்கான கணிதம் 1952-லேயே எழுதப்பட்டுவிட்டது. கணினியியலின் தந்தை என்று நாம் அறியும் ஆலன் டூரிங்தான் எழுதியவர். ஒன்றோடொன்று வினைபுரியும் இரண்டு பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், எந்த முன்வரைவும் இல்லாத சீரான கலவையிலிருந்து கோலங்கள் தாமாக எழலாம் என்று அவர் காட்டினார். மின் அமைப்பில் அந்த வேக வேறுபாடு ஒரே புரதத்துக்குள் இருக்கிறது. சவ்வில் ஒட்டியிருக்கும்போது அது மெதுவாக நகரும். உதிர்ந்து சைட்டோபிளாசத்தில் இருக்கும்போது வேகமாகப் பரவும். விரவல் எதையும் கரைத்துச் சமப்படுத்திவிடும் என்பதுதான் நம் பொது அனுபவம். ஏடிபியைத் தொடர்ந்து செலவழித்தால் அதே விரவல் கோலம் போடவும் செய்யும்.

மூன்று புரதங்களுக்கு வெளியே வேறு ஏதும் மறைந்திருந்து இதை இயக்குகிறதோ என்ற சந்தேகம் நியாயமானது. 2008-இல் பெட்ரா ஷ்வில்லேயின் குழுவில் மார்ட்டின் லூஸும் உடனிருந்தவர்களும் செல்லையே விலக்கிவிட்டார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு செயற்கைச் சவ்வு, அதன்மேல் மின்-டி, மின்-ஈ, ஏடிபி, அவ்வளவுதான். சவ்வின் மேல் அலைகள் எழுந்து வரிசையாக ஓடின, சுருள்களாகச் சுழன்றன. செல்லுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அகலமான அலைகள் என்பதைச் சொல்ல வேண்டும். நெரிசலும் எல்லைச் சுவரும் இல்லாத இடத்தில் அளவு மாறுகிறது. ஆனால் அடிப்படைக் கூட்டம் இந்த இரண்டு புரதங்களும் ஏடிபியும்தான் என்பது அன்றோடு உறுதியானது.

அதே உபாயம், வேறு வேலைகள்

ஏடிபியைப் பிடித்து ஒட்டுவதும், கூட்டாளி தொட்டதும் உதிர்வதும், தாமதித்து மறுபடி ஒட்டுவதுமான இந்த உபாயத்தைப் பாக்டீரியா ஒரே வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. மின்-டிக்கு உறவான பார்-ஏ என்ற புரதம் சவ்வுக்குப் பதில் டிஎன்ஏவின் மேல் ஒட்டும். அதன் கூட்டாளி பார்-பி, பிரதியெடுக்கப்பட்ட டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடத்தில் திரண்டிருக்கும். பார்-பி தொடும் இடத்திலெல்லாம் பார்-ஏ உதிர்ந்து வெற்றிடம் உண்டாகும். பார்-ஏ மிச்சமிருக்கும் பக்கமாகவே அடுத்த பிடிப்பு கிடைக்கும். இப்படி அசைவு ஒரே திசையில் சேர்ந்து, புதிய டிஎன்ஏவின் ஒரு பிரதி எதிர்முனைக்குப் போய்ச் சேர்கிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவில் கார்பன் டை ஆக்ஸைடை நிலைநிறுத்தும் கார்பாக்ஸிசோம் என்ற புரதக் கூடுகள் செல்லின் நீளத்தில் சம இடைவெளியில் நிற்பதும் இந்தக் குடும்பத்துப் புரதத்தால்தான்.

எஃப்.டி.எஸ்.இசட் வளையத்தின் கதை வேறு மாதிரி. பெயர்தான் வளையம்; நெருங்கிப் பார்த்தால் துண்டு துண்டான இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு நுனியில் வளர்ந்து மறுநுனியில் தேய்கிறது. நடுவில் இருக்கும் மூலக்கூறு நின்ற இடத்திலேயே நிற்கும்; இழை மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். நொடிக்கு 30 நானோமீட்டர் அளவு வேகத்தில் இப்படிச் செல்லைச் சுற்றிவரும் இழைகளின் பின்னே செல்சுவர் கட்டும் நொதிகளும் இழுபட்டுச் சென்று புதிய சுவரைச் சுற்றுவட்டமாக எழுப்புகின்றன என்று 2017-இல் இரண்டு குழுக்கள் காட்டின. அந்தச் சுவர் கட்டும் நொதிகளில் ஒன்றைத்தான் மருந்துக்கடையில் கிடைக்கும் செஃபலெக்சின் மாத்திரை குறிவைக்கிறது. அதை ஈ.கோலைக்குக் கொடுத்தால் பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போகும். கோலங்களைச் சோதிக்க ஆய்வகங்களுக்குத் தேவைப்படும் நீண்ட இழைச் செல்களும் இப்படிக் கிடைத்துவிடுகின்றன.

இந்தத் துறையின் முடிவுகளைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒரு நிகழ்வும் உண்டு. பாக்டீரியாவுக்கு உருளை வடிவம் தரும் எம்.ஆர்.இ.பி புரதம் செல்லின் நீளம் முழுவதும் சுருள்வில்லாக ஓடுகிறது என்று 2001-இல் வெளியான படங்கள் சொன்னபோது எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்து, 2011-இல் மூன்று குழுக்கள் கூர்மையான நுண்ணோக்கிகளில் பார்த்தபோது அங்கே இருந்தவை செல்லைச் சுற்றி நகரும் சிறு துணுக்குகள். அடுத்த ஆண்டு மேத்யூ ஸ்வூலியஸும் கிராண்ட் ஜென்சனும், ஈ.கோலையில் பரவலாகப் பயன்பட்ட ஒரு வகையில் அந்தச் சுருளை உண்டாக்கியதே ஒட்டவைத்த ஒளிரும் புரதம்தான் என்று காட்டினார்கள். பார்ப்பதற்காக ஏற்றிய விளக்கே பார்க்கப்படும் பொருளின் வடிவத்தை மாற்றிவிட்டது. அதன்பிறகு ஒளிரும் புரதம் ஒட்டிய படத்தை மட்டும் வைத்து யாரும் எளிதில் முடிவுக்கு வருவதில்லை.

விரவலை நம்பி வாழ்வதற்கு ஒரு விலையும் இருக்கிறது: பெரிதாக முடியாது. அதை மீறிய பாக்டீரியாக்கள் என்ன செய்தன என்று பார்த்தால் அந்த விலை விளங்கும். கடல் மீன் ஒன்றின் குடலில் வாழும் எபுலோபிசியம் 600 மைக்ரோமீட்டர் வரை நீளும். அது பாக்டீரியாதான் என்று 1993-இல்தான் உறுதியானது. அதன் ஒரு முனையில் கட்டிய புரதம் மறுமுனைக்கு அலைந்தே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் அது தன் டிஎன்ஏவைப் பல்லாயிரம் பிரதிகளாகச் செல்லின் ஓரம் முழுவதும் பரப்பிவைத்திருக்கிறது. எங்கே தேவையோ அங்கேயே புரதம் தயார். 2022-இல் குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டிலிருந்து அறிவிக்கப்பட்ட தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா ஒரு சென்டிமீட்டர் நீளம், வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதன் உள்ளே பெரும்பகுதி வெற்றுநீர்ப் பை. உயிருள்ள சைட்டோபிளாசம் ஓரத்தில் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. டிஎன்ஏவும் ரைபோசோமும் அந்தப் படலத்தில் சவ்வு சூழ்ந்த சிறு பொட்டலங்களாகக் கிடக்கின்றன. உடல் எவ்வளவு பெரிதானாலும் மூலக்கூறுகள் அலைய வேண்டிய தூரத்தை மட்டும் சில மைக்ரோமீட்டருக்குள்ளேயே வைத்திருக்கிறது.

மின் அமைப்பின் மேல் நடக்கும் வேலை இப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. செல்லிலிருந்து பாகங்களைப் பிரித்துப் புரிந்துகொண்டவர்கள், அந்தப் பாகங்களை வைத்துச் செல்லைக் கட்ட முயல்கிறார்கள். மியூனிக் அருகே மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஷ்வில்லேயின் குழு, 2022-இல் கொழுப்புச் சவ்வாலான நுண்ணுருண்டைகளுக்குள் மின் புரதங்களையும் எஃப்.டி.எஸ்.இசட்டையும் அதைச் சவ்வில் கட்டிவைக்கும் எஃப்.டி.எஸ்.ஏவையும் சேர்த்து அடைத்தது. மின் அலைகள் ஊசலாடத் தொடங்கின. எஃப்.டி.எஸ்.இசட் நடுப்பகுதியில் போய் வளையமாகக் கூடியது. சில உருண்டைகள் அந்த இடத்தில் உள்ளொடுங்கவும் செய்தன. முழுதாக இரண்டாகப் பிரிவது மட்டும் இன்னும் மிச்சம். அதற்குச் சுவர் கட்டும் நொதிகளும் சவ்வுக்கான கூடுதல் கொழுப்பும் வேண்டியிருக்கும்.